வடக்கு பார்த்த கல்: டெல்டாவின் சாலையோரச் சுமைதாங்கி ஒன்றை மெழுகுத் தாள் நெகட்டிவில் பதிவு செய்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களின் பழைய சாலைகளில், மக்கள் மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் போய்வந்த காலத்தின் கட்டுமானங்கள் இன்னும் ஆங்காங்கே நிற்கின்றன. மராட்டியர் கால அன்னசத்திரங்கள், அவற்றை ஒட்டிய குளங்கள், தமிழ் எண் வெட்டிய மைல்கற்கள், சுமைதாங்கிகள் ஆகியவை அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. சத்திரங்களுக்காவது எழுத்துப் பதிவு உண்டு; இரண்டாம் சரபோஜியின் (1798–1832) காலத்தில் ஒரத்தநாட்டில் எழுந்த முத்தாம்பாள் சத்திரம் இராமேசுவரத்துக்குச் செல்லும் வழிப்போக்கர்களுக்குச் சோறிட்ட செய்தி பலருக்கும் தெரியும். சுமைதாங்கியைப் பற்றி ஏதாவது தெரிய வேண்டுமென்றால் பெரும்பாலும் அந்தக் கல்லையே கேட்க வேண்டியிருக்கிறது.

சுமைதாங்கி என்பது நட்டுவைத்த இரண்டு கற்களின் மேல் குறுக்கே ஒரு கல்லை ஏற்றிய எளிய அமைப்பு. தலைச்சுமையோடு வருபவர் பிறர் கைகொடுக்காமலேயே சுமையை இறக்கிவைக்கவும், இளைப்பாறிய பின் குனியாமல் திரும்ப ஏற்றிக்கொள்ளவும் ஏதுவாக, குறுக்குக்கல் ஏறத்தாழ ஆளின் தோள் உயரத்தில் இருக்கும். கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்ணின் நினைவாக, அவள் இறக்கிவைக்க முடியாமற்போன சுமையை எண்ணிக் குடும்பத்தார் இதை நடுவது வழக்கம். சில கற்களில் இறந்தவரின் பெயரும், வருஷமும் மாதமும், நட்டவரின் பெயரும் வெட்டப்பட்டிருக்கும்.

இந்த ஆய்வு அத்தகைய ஒரு கல்லைப் பற்றியது. ஊரின் பெயரும் குடும்பத்தின் பெயரும் இங்கே தரப்படவில்லை. காரணம் பின்னால் வரும். பதிவைச் செய்தவர்கள் மூவர்: ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர், கும்பகோணத்தில் ஸ்டுடியோ நடத்தும் இளைஞர் ஒருவர், கல்லூரியில் வேதியியல் கற்பிக்கும் அம்மையார் ஒருவர். பதிவேடு என் பொறுப்பில் இருந்தது. சாலை அகலப்படுத்தும் பணிக்காக ஓரத்து மரங்களில் எண் எழுதத் தொடங்கியிருந்த வேளையில், அந்தத் தடத்தில் எஞ்சியிருக்கும் பழைய கற்களையும் கட்டடங்களையும் கையால் செய்யும் பழைய ஒளிப்பட முறை ஒன்றில் பதிவு செய்வது என்று முடிவாயிற்று. டிஜிட்டல் படங்களும் உடன் எடுக்கப்பட்டன. ஆனால் பள்ளிக்கூடத்தில் வைத்துக் காட்டவும், எந்தக் கருவியின் துணையுமின்றி நூறாண்டு கழித்தும் கையில் எடுத்துப் பார்க்கவும் ஒரு பொருள் வேண்டும் என்பது ஆசிரியரின் நிலைப்பாடு. ஸ்டுடியோக்காரருக்கோ அந்த முறைகளின் மேலேயே தனியான மோகம் இருந்தது. அதுவும் ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

முதலில் தேர்ந்தெடுத்த முறை

1851இல் இங்கிலாந்தில் பிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரத்தட்டுக் கொலோடியன் முறையே முதல் தேர்வாக இருந்தது. நைட்ரோசெல்லுலோஸை ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்த பிசுபிசுப்பான கொலோடியனில் அயோடைடும் புரோமைடும் சேர்த்து, அதைக் கண்ணாடித் தட்டின் மேல் ஊற்றி நாலு மூலைக்கும் ஓடவிட்டு, மிகுதியைப் புட்டிக்குள் வடித்து, தட்டைச் சில்வர் நைட்ரேட் தொட்டியில் சில நிமிடம் அமிழ்த்தி, ஈரம் காய்வதற்குள் கேமராவில் வைத்துப் படமெடுத்து, உடனே இருட்டில் இரும்பு சல்பேட் கரைசலை ஊற்றி உருவை வரவழைப்பது இம்முறை. ஊற்றுவதிலிருந்து டெவலப் செய்வது வரை எல்லாம் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும். வெயில் காலத்தில் அந்த அவகாசம் இன்னும் குறையும். எனவே இருட்டறையும் படம் எடுக்கும் இடத்துக்கே வந்தாக வேண்டும். ஒரு சிறிய சரக்கு வண்டியின் பின்புறத்தைக் கறுப்புத் துணியாலும் தார்ப்பாயாலும் மூடி, சிவப்பு விளக்கு மாட்டி, இருட்டறையாக மாற்றினார்கள். கேமரா, மூடிப்போன ஒரு ஸ்டுடியோவிலிருந்து வாங்கிய, எட்டுக்குப் பத்து அங்குல மரக் கேமரா.

தை, மாசி மாதங்களில் தொடங்கியது தற்செயலன்று. மழை ஓய்ந்து வெப்பமும் ஏறாத அந்தப் பருவத்தில் சத்திரத்தின் முகப்பு, குளத்துப் படித்துறை, சில மைல்கற்கள் ஆகியவற்றின் தட்டுகள் நன்றாகவே வந்தன. தொல்லை வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. அது சம்பா அறுவடைக் காலம். சாலையிலேயே நெல்லையும் வைக்கோலையும் பரப்பியிருந்தார்கள். ஒவ்வொரு பேருந்து கடக்கும்போதும் எழுந்த தூசு ஈரமான தட்டில் ஒட்டி, வால் முளைத்த கரும்புள்ளிகளாகப் பதிந்தது. களம் இல்லாத ஊரில் சாலைதான் களம் என்பதால் இதற்குப் பரிகாரம் தேட யாரும் முனையவில்லை. காலை நேரத்தில், வைக்கோலை விரிப்பதற்கு முன், வேலையை முடித்துக்கொண்டார்கள்.

வேறு இரண்டு செய்திகளையும் இக்கட்டத்தில் பதிவேட்டில் எழுதினேன். ஒன்று நிறம் பற்றியது. கொலோடியன் தட்டு நீலத்தையும் ஊதாவையும் அதற்கப்பாலுள்ள கதிர்களையும் மட்டுமே உணரும்; மஞ்சளும் சிவப்பும் அதற்கு இருட்டு. தேசிய நெடுஞ்சாலைக் கல் போல எவரோ மஞ்சள் தலைப்பாகை பூசிவிட்ட பழைய மைல்கல் ஒன்று, தட்டில் கரித்தலையோடு வந்து நின்றது. மற்றொன்று தண்ணீர். டெல்டாவின் கிழக்கே போகப் போக நிலத்தடி நீரில் உப்பு மிகும். உப்பிலுள்ள குளோரைடு சில்வர் நைட்ரேட்டைத் தொட்டவுடன் பாலாகத் திரியும். வேதியியல் அம்மையார் ஒவ்வொரு ஊர்த் தண்ணீரிலும் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தார். குடிக்க நல்லதாக இருந்த தண்ணீரும் பல இடங்களில் வெளுத்தது. கரைசல்களுக்குக் காய்ச்சி வடித்த நீரைக் கேன் கேனாகச் சுமந்து செல்ல வேண்டியிருந்தது.

கல்லைக் கண்டது

குறிப்பிட்ட சுமைதாங்கி கிழக்கு மேற்காக ஓடும் ஒரு சாலையின் தெற்கு ஓரத்தில், சாலைக்கு இணையாக நிற்கிறது. குறுக்குக்கல்லின் சாலையைப் பார்த்த பக்கத்தில், அதாவது வடக்கு முகத்தில், மூன்று வரி எழுத்து. வெட்டு ஆழமில்லை, காற்றும் மழையும் சுமை இறக்கியவர்களின் உராய்வும் சேர்ந்து பாதியை மழுக்கியிருந்தன. அதன் மேல் மஞ்சளும் குங்குமமும் தடித்த பூச்சாகப் படிந்திருந்தன. அந்தக் குடும்பத்தார் அப்பெண்ணைத் தெய்வமாக வணங்குகிறார்கள்.

மாசியில் முதன்முறை சென்றபோது வடக்கு முகம் முழுவதும் நிழலில் இருந்தது. தஞ்சைப் பகுதியின் அட்சரேகை ஏறத்தாழ 10.8 பாகை வடக்கு. ஆகவே சூரியன் நேர் உச்சிக்கு வருவது ஆண்டில் இரண்டு முறை: ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் ஒருமுறை, ஆகஸ்டு கடைசி வாரத்தில் மறுமுறை. அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் சூரியன் நாள் முழுவதும் உச்சிக்கு வடக்கே நகர்கிறது. அப்போதுதான் வடக்கு முகச் சுவரில் முற்பகலிலிருந்து பிற்பகல் வரை நேர் வெயில் விழும். அதிலும் அந்த வெயில் சுவரை உரசிக்கொண்டு, மிகக் குறைந்த கோணத்தில் விழுவதால், மழுங்கிய எழுத்தைப் படிக்க அதைவிடச் சிறந்த ஒளி இல்லை. மாசியில் அங்கே எத்தனை நாள் காத்திருந்தாலும் கிடைப்பது தட்டையான நிழல் வெளிச்சம் மட்டுமே.

கண்ணாடி வைத்து வெயிலைத் திருப்பிவிடலாம் என்ற யோசனை எழுந்தது. கோயில் மண்டபங்களின் உட்சுவர்க் கல்வெட்டுகளைப் படிக்கப் பலரும் கையாளும் வழி அது. ஆனால் வடக்கு முகத்துக்கு ஒளியைத் திருப்ப வேண்டுமென்றால் கண்ணாடி சாலையின் மேல் நிற்க வேண்டும். வளைவிலிருந்து வரும் இருசக்கர வண்டிக்காரரின் கண்ணில் ஒரு நொடி அந்த ஒளி பட்டாலும் விபரீதம் என்று ஆசிரியர் அதை அப்போதே விலக்கிவிட்டார். சித்திரை பிறந்து சூரியன் உச்சியைக் கடக்கும் வரை காத்திருப்பதென்று முடிவாயிற்று.

சித்திரையில் நேர்ந்தது

காத்திருந்த வெயில் வந்தது. ஈரத்தட்டுக்கு அதுவே பகையாயிற்று. ஈதரின் கொதிநிலை 34.6 பாகை செல்சியஸ். கல்லுக்குக் கிழக்கே நிற்கும் பெரிய புளியமரத்தின் நிழல் காலை பத்து மணிக்கு மேல்தான் குறுக்குக்கல்லை விட்டு விலகுகிறது. சித்திரையில் அந்நேரத்துக்குள் வெப்பமானி 35ஐத் தாண்டிவிடுகிறது. மூடிய வண்டிக்குள் அதைவிட அதிகம். கொலோடியனை ஊற்றினால் நான்காம் மூலைக்கு ஓடுவதற்கு முன்பே முதல் மூலை இறுகிவிட்டது. தட்டில் வரப்பு வரப்பாகத் தடிப்புகள். ஓரங்களில் காய்ந்த பகுதி டெவலப்பரை ஏற்காமல் சிப்பியின் உட்புறம் போன்ற கறைகளைக் காட்டிற்று. கரைசலில் ஆல்கஹாலைக் கூட்டி ஈதரைக் குறைத்தார்கள். டெவலப்பரில் அசெட்டிக் அமிலத்தை உயர்த்தி அதன் வேகத்தை மட்டுப்படுத்தினார்கள். கண்ணாடிகளையும் புட்டிகளையும் ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்தார்கள். குளிர்ந்த கண்ணாடியின் மேல் டெல்டாவின் ஈரக்காற்று பட்டவுடன் பனி பூத்தது. சில தட்டுகளில் கல்லின் உரு வந்தது. எழுத்து படிக்கும்படி எதிலும் வரவில்லை.

இந்தக் கட்டத்தில் அம்மையார் இரண்டு காரணங்களைச் சொல்லி வேலையை நிறுத்தச் சொன்னார். வெயிலில் நிற்கும் மூடிய வண்டிக்குள் ஈதர் புட்டியைத் திறந்து மூடுவது தீ விபத்துக்கு இடம் கொடுப்பது. சாலையோரத்தில் பீடி, சிகரெட் பிடிப்பவர்களும் நிற்பார்கள். இரண்டாவது கழிவு. ஈரத்தட்டு முறையில் தட்டை அந்த இடத்திலேயே கழுவியாக வேண்டும். மிகக் குறைந்த அளவு வெள்ளி உப்பும் மீன்களுக்கு நஞ்சு. எதிரே பாசன வாய்க்கால் இருந்தது. கழிவு முழுவதையும் கேனில் பிடித்துக் கொண்டுவந்து, உப்பிட்டு வெள்ளிக் குளோரைடாக அடியில் இறக்கி, தெளிந்த நீரையும் சோதித்த பிறகே கொட்டும் வழக்கத்தை அவர் தொடக்கத்திலிருந்தே கண்டிப்பாக நடத்திவந்தார். ஆனால் இருவர் மட்டுமே வேலை செய்யும் ஒரு வண்டியில், அவசரத்துக்கு நடுவே, ஒரு கேன் சரிந்தால் போதும்.

முறையை மாற்றிய முடிவு

ஆசிரியர் முன்வைத்த மாற்று, அதே 1851இல் பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே வெளியிட்ட மெழுகுத் தாள் முறை. கண்ணாடிக்குப் பதில் மெல்லிய தாளை மெழுகில் ஊறவைத்து நெகட்டிவாகப் பயன்படுத்துவது இது. தாளை முந்தைய நாள் வீட்டிலேயே ஆயத்தம் செய்துகொள்ளலாம். உலர்ந்த தாளிலேயே படமெடுக்கலாம். அன்று மாலையோ மறுநாளோ வீட்டில் டெவலப் செய்யலாம். கல்லிருக்கும் இடத்துக்குக் கேமராவும் தாள் சட்டங்களும் மட்டுமே போனால் போதும். வெயில் நாடுகளில் அக்காலத்தவர் இதை விரும்பியதற்குக் காரணம் இதுவே. 1855இல் பர்மாவில் மெழுகுத் தாள் நெகட்டிவ்களைக் கொண்டு படமெடுத்த லின்னேயஸ் டிரைப், பின்னர் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராகி, 1858இல் தஞ்சைக்கும் வந்தார். பெரிய கோயில் விமானத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டை அவர் 21 அச்சுகளாக ஒட்டிச் செய்த நீண்ட படம் இம்முயற்சியில் ஈடுபட்ட அனைவருக்கும் மனத்தில் இருந்தது.

ஸ்டுடியோக்காரர் எளிதில் இணங்கவில்லை. தாளின் நார் எழுத்தின் விளிம்பைக் கரைத்துவிடும், கண்ணாடியின் கூர்மை ஒருபோதும் வராது என்றார். அது சரியான ஆட்சேபம். அதற்கு விடையாக ஆசிரியர் குறுக்குக்கல்லை அளந்து காட்டினார்: எழுத்துகள் ஏறத்தாழ இரண்டு அங்குல உயரம், நெகட்டிவில் அவை மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வரும்படி கேமராவை நெருக்கி வைக்க இடம் இருக்கிறது, அந்த அளவுக்கு மெழுகுத் தாள் தாராளமாகத் தாங்கும். "கண்ணாடி நல்லதுதான் தம்பி, ஆனா அது தை மாசத்து ஆளு" என்று அவர் சொன்னது பதிவேட்டில் இருக்கிறது. மைல்கற்களுக்கும் சத்திரத்துக்கும் ஈரத்தட்டு, வடக்கு முகக் கல்லுக்குத் தாள் என்று பிரித்துக்கொண்டார்கள். முறையின் மேலுள்ள பற்றினால் கல்லை வளைக்காமல் கல்லுக்கு ஏற்ப முறையை வளைத்த அந்த முடிவுதான் இந்நிகழ்வின் திருப்பம் என்று நான் கருதுகிறேன்.

தாளைப் பழகியது

வைகாசி முழுவதும் இதற்கே போயிற்று. இன்று கிடைக்கும் தரமான பருத்தித் தாள்களில் பலவற்றில், நாள்பட்டு மஞ்சளாகாமல் இருக்கக் கால்சியம் கார்பனேட் கலந்திருப்பார்கள். அந்தக் காரத்தன்மை வெள்ளி உப்புகளுடன் ஒத்துப்போவதில்லை. முதலில் வந்த தாள்கள் புள்ளி புள்ளியாகக் கறுத்ததற்கு அதுவே காரணம் என்று கண்டு, தாளை நீர்த்த அமிலத்தில் நனைத்துக் குமிழ் அடங்கும்வரை வைத்து, கழுவி உலர்த்திப் பயன்படுத்தினார்கள். தேன்மெழுகை உருக்கித் தாளில் ஏற்றி, ஒற்றுத்தாள்களுக்கு நடுவே வைத்து, இஸ்திரிப் பெட்டியால் மிகுதியை எடுத்தார்கள். மெழுகின் உருகுநிலை 62 பாகைக்கு மேல் என்பதால் சித்திரை வெயில் அதை ஒன்றும் செய்யாது.

லெ கிரேயின் குறிப்பில் அயோடைடுக் கரைசலுக்கு அடிப்படையாக அரிசி வடிநீர் வருகிறது. நீர்க்கச் சோறு வடித்த கஞ்சியை மெல்லிய துணியில் இருமுறை வடிகட்டி, அதில் பொட்டாசியம் அயோடைடும் சிறிது புரோமைடும் கரைத்தார்கள். அதில் ஊறி உலர்ந்த தாள் கத்தரிப்பூ நிறம் பெற்றது. பிரிந்த அயோடின் மாவுப்பொருளோடு சேர்வதால் வரும் நிறம் அது. சில்வர் நைட்ரேட்டும் அசெட்டிக் அமிலமும் கலந்த தொட்டியில் தாளை இட்டால் அந்த நிறம் மறையும். முற்றும் மறைந்ததே தாள் ஒளியுணர்வு பெற்றதற்கு அடையாளம். கடிகாரத்தைவிட இதுவே நம்பகமாக இருந்தது. பிறகு காய்ச்சி வடித்த நீரில் இருமுறை அலசி, இருட்டில் உலர்த்தினார்கள். பழைய நூல்கள் இத்தகைய தாள் பல நாள் தாங்கும் என்கின்றன. டெல்டாவின் புழுக்கத்தில் இரவு செய்த தாளை மறுநாளே பயன்படுத்துவது நல்லதென்று கண்டார்கள். தள்ளிப்போட்ட தாள்கள் மங்கல் பூசி வந்தன.

டெவலப்பர் காலிக் அமிலம், மாசிக்காயிலிருந்து பெறப்படும் அதே பொருள். மணிக்கணக்காகத் தட்டில் கிடந்து உரு மெதுவாக எழும். அறை சூடாக இருந்தால் கரைசலே பழுப்பாகி நெகட்டிவ் முழுவதையும் கறைப்படுத்திவிடும். தட்டை மண்பானைத் தண்ணீரால் குளிர்வித்த அகன்ற தாம்பாளத்தில் வைத்து இதைச் சமாளித்தார்கள். கடைசியில், உருவை நிலைப்படுத்தும் ஹைப்போ கரைசலில் மஞ்சள் நிறம் விலகும்வரை வைத்து, நெடுநேரம் கழுவி, உலர்த்தி, வெப்பம் காட்டி மெழுகைத் திரும்ப ஒன்றுசேர்த்தால் நெகட்டிவ் ஒளி ஊடுருவும்படி தெளியும்.

ஆனி மாதப் படங்கள்: மஞ்சள்

ஆனியில் கல்லின் முதல் தாள் நெகட்டிவ்கள் எடுக்கப்பட்டன. ஒளி காட்டும் நேரம் பத்து நிமிடத்தைத் தாண்டியது. உரசி விழும் வெயிலின் செறிவு நேர் வெயிலில் ஐந்தில் ஒரு பங்குதான் என்பதும் அதற்கு ஒரு காரணம். இவ்வளவு நீண்ட நேரத்தில் சாலையில் போகும் எதுவும் படத்தில் பதியாது என்பது வசதி. லாரி கடக்கும்போது தரை அதிர்வதால், அது நெருங்கும் முன் லென்ஸை மூடி, கடந்தபின் திறந்து, திறந்திருந்த நேரத்தை மட்டும் கூட்டிக் கணக்கிட்டார்கள். பேருந்துக்காகக் காத்திருந்த ஒருவர் வழக்கம்போலக் கல்லில் சாய்ந்துகொண்டார், அவரை எழுப்பவில்லை. அந்த நெகட்டிவில் அவருடைய வேட்டி மட்டும் ஆவிபோலத் தெரிகிறது.

கல்லின் சொரசொரப்பும் உளித்தழும்பும் எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்தன. எழுத்து வரவில்லை. காரணங்கள் இரண்டு. மஞ்சள் பூசிய பகுதிகள் அச்சில் வெறும் கறுப்புத் திட்டுகளாக நின்றன. பூச்சு இல்லாத இடங்களிலோ, கண்ணுக்கு ஆழமாகத் தெரிந்த எழுத்தின் நிழல் அச்சில் வெளிறிப்போயிருந்தது. நிழலுக்குள் விழுவது நீல வானத்தின் ஒளி. நீலத்தை மட்டும் உணரும் தாளுக்கு அது கண்ணுக்குத் தெரிவதைவிட மிகப் பிரகாசமான ஒளி. வானத்தின் பங்கைக் குறைப்பதற்காக, அடுத்த முறை மேற்கிலும் வடக்கிலும் கறுப்புத் துணியை உயர்த்திப் பிடித்து, கிழக்கை மட்டும் திறந்துவைத்தார்கள். நிழல் தேறியது, மஞ்சள் திட்டு அப்படியே இருந்தது.

கழுவலாமா என்ற கேள்வி

ஒரு குடம் தண்ணீரும் தேங்காய் நாரும் இருந்தால் பத்து நிமிடத்தில் தீரும் சிக்கல் என்று ஸ்டுடியோக்காரருக்குத் தோன்றியது இயல்பே. ஆசிரியர் மறுத்தார். படத்துக்காகக் கல்லின் மேலுள்ளதை அகற்றினால், பதிவாவது அக்குடும்பத்தின் கல் அன்று, அகற்றியவர்கள் உண்டாக்கிய கல் என்பது அவர் வாதம். எனக்கு அதில் முழு உடன்பாடு உண்டு. வழிபாட்டில் இருக்கும் ஒன்றைத் தொல்பொருளாக நினைத்துச் சுரண்டியதால் எத்தனையோ ஊர்களில் பகை மூண்டிருக்கிறது. இருந்தாலும், எழுத்தைப் படிக்க முடியாமல் திரும்புவதும் ஆசிரியருக்குச் சம்மதமில்லை.

வழி அக்குடும்பத்தின் மூத்த அம்மாளிடமிருந்து வந்தது. எதற்காக இத்தனை முறை வருகிறீர்கள் என்று அவர் கேட்டபோது, மஞ்சள் கறுப்பாக விழும் செய்தியை ஸ்டுடியோக்காரர் அச்சைக் காட்டி விளக்கினார். "கழுவுறது எங்க வேலை தம்பி. ஆடி வெள்ளிக்குக் கழுவித்தான் புது மஞ்சள் வைப்போம். அன்னைக்கு வாங்க, மஞ்சள் வைக்கிறதுக்கு முன்னாடி எடுத்துக்குங்க" என்றார் அவர். ஆடி வெள்ளிகளில் சூரியன் இன்னும் உச்சிக்கு வடக்கேதான் இருக்கும். ஆவணி முதல் வாரத்தோடுதான் அந்த வெயில் முடிகிறது. இரண்டு நாட்காட்டிகளும் பொருந்தின.

ஆடி வெள்ளி

வீட்டுப் பெண்கள் விடியற்காலையிலேயே கல்லைக் கழுவியிருந்தார்கள். கருங்கல் விரைவில் உலர்ந்துவிட்டது. புளியமர நிழல் விலகும்வரை பூசையைத் தள்ளிவைத்தார்கள். பொங்கல் பானை அடுப்பிலேயே இருந்தது. தொல்லை கொடுத்தது ஆடிக் காற்று. கறுப்புத் துணி படபடத்து நிற்கவில்லை. அந்த வீட்டுப் பிள்ளைகள் கட்டில் சட்டத்தில் துணியைக் கட்டி ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டார்கள். கேமராவின் முக்காலியில் செங்கற்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள். காற்று ஓங்கும்போதெல்லாம் லென்ஸ் மூடப்பட்டது. எடுத்து முடித்ததும் மஞ்சளும் குங்குமமும் வைத்துப் பொங்கலிட்டார்கள். படமெடுக்க வந்தவர்களும் சாப்பிட்டுத்தான் கிளம்பினார்கள்.

அன்று இரவு டெவலப் செய்த நெகட்டிவில் மூன்று வரியும் தெரிந்தன. அதுவும் கண்ணால் கல்லில் பார்த்ததைவிடத் தெளிவாகத் தெரிந்தன. காரணத்தை அம்மையார் விளக்கினார். கழுவியபோது மேற்பரப்பின் மஞ்சள் போயிற்று; எழுத்தின் பள்ளங்களில் ஊறியிருந்தது முழுவதும் போகவில்லை. மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் மிக அதிகமாக உறிஞ்சுவது 425 நானோமீட்டர் அளவிலான ஊதா நீல ஒளியை; வெள்ளி அயோடைடு கூர்மையாக உணர்வதும் ஏறத்தாழ அதே பகுதியை. கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெலிந்த மஞ்சள் சுவடும் தாளுக்கு மை தடவிய எழுத்தாகத் தெரிந்தது. எழுத்தை மறைத்த அதே பொருள் எழுத்தை வெளிக்காட்டியதில் மூவரும் அடைந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

ஆனால் இதைப் பழைய முறையின் அற்புதமாகக் காட்டுவது சரியன்று. அன்றே எடுத்த டிஜிட்டல் படத்தில் நீல அலைவரிசையை மட்டும் பிரித்துப் பார்த்தபோது அதே எழுத்துகள் வந்தன. தாள் நெகட்டிவ் இல்லாவிட்டால் நீலத்தில் பார்க்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றியிருக்காது என்பது மட்டும் உண்மை.

தொடர்ந்தவை

எழுத்தில் இறந்தவரின் பெயர், நட்டவரின் பெயர், "பிலவ வருஷம் ஆனி மாசம்" என்ற காலக்குறிப்பு ஆகியவை இருந்தன. அறுபதாண்டுச் சுழற்சியின் பெயர் மட்டும் இருப்பதால் அது 1841, 1901, 1961 ஆகியவற்றுள் எதுவாகவும் இருக்கலாம். 1961ஐக் குடும்பத்தின் நினைவே விலக்கிவிடுகிறது: மூத்த அம்மாள் வாக்கப்பட்டு வந்தது அதற்கு முந்தி, அப்போதே கல் இருந்தது. மற்ற இரண்டில் எது என்று முடிவு கட்டாமல் இரண்டையும் எழுதிவைத்திருக்கிறோம்.

நெகட்டிவிலிருந்து உப்புத்தாள் அச்சுகள் (உப்பும் சில்வர் நைட்ரேட்டும் ஏற்றிய தாளில் எடுப்பவை) எடுக்கப்பட்டு, தங்கக் கரைசலில் நிறமேற்றப்பட்டன. ஒன்று குடும்பத்துக்குச் சென்றது. சாமி மாடத்தில் வைத்திருக்கிறார்கள். பள்ளிக் காட்சியில் பெயர் வரி தெரியும் அச்சை வைக்க வேண்டாம், பொட்டு வைத்த பிறகு எடுத்ததை வையுங்கள் என்று குடும்பத்தார் கேட்டுக்கொண்டார்கள், அப்படியே செய்யப்பட்டது. இந்தக் கட்டுரையில் ஊரும் பெயரும் இல்லாததற்கும் அதுவே காரணம். கறுப்புத் திட்டுகளோடு வந்த ஆனி மாத அச்சுதான் காட்சியில் தொங்குகிறது. பூசையில் இருக்கும் கல்லின் உண்மையான தோற்றம் அதுதான் என்பதால் அதைக் குறைபட்ட படமாக நான் நினைக்கவில்லை.

சாலைப் பணி பின்னர் அந்த இடத்தை எட்டியது. குடும்பத்தாரும் ஊராட்சியும் கேட்டுக்கொண்டதன் பேரில் கல் உடைக்கப்படாமல் சில அடி உள்ளே தள்ளி நடப்பட்டது. அச்சு அப்போது பயன்பட்டது: எந்தக் கல் எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம் புதைந்திருந்தது என்பதை அதைப் பார்த்தே மேஸ்திரி அமைத்தார். இடவசதிக்காக முகம் மட்டும் கிழக்குப் பார்த்ததாக மாறியது.

இனிச் செய்யும்போது மாற்றுபவை

அடுத்த தடத்தில் வேலை தொடங்கும்போது, கேமராவுக்கு முன் திசைகாட்டியை எடுத்துச்செல்வது என்று வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு கல்லின் எழுத்து முகமும் எந்தத் திசை, எந்த மாதத்தில் எந்நேரம் உரசும் வெயில் விழும், எந்த மரம் எப்போது மறைக்கும் என்பதை முதலில் பட்டியலிட்டு, அதன்பின் முறையைத் தேர்ந்தெடுப்பார்கள். தெற்கு முகக் கற்கள் தை, மாசியில் ஈரத்தட்டுக்குப் பொருந்தும். கிழக்கு, மேற்கு முகங்களுக்கு ஆண்டு முழுவதும் உச்சிக்குச் சற்று முன்னும் பின்னும் ஒளி உரசும். வெப்பத்தைப் பொறுத்து முறையை முடிவு செய்யலாம். இடம் மாறிய சுமைதாங்கியை மீண்டும் எடுப்பவர்களும் முற்பகல் பதினொன்றரை மணியை ஒட்டிச் செல்ல வேண்டியிருக்கும்.

தாளைத் தயாரிக்குமுன் டிஜிட்டல் படத்தின் நீல அலைவரிசையைப் பார்த்துவிடுவதும் இனி வழக்கமாகும். எது கறுக்கும், எது வெளுக்கும் என்பது ஒரு தாளும் வீணாகாமல் தெரிந்துவிடும். ஈதரை மூடிய வண்டியில் கொண்டுசெல்வது பங்குனிக்குப் பிறகு அறவே இல்லை. சேமிப்பிலும் ஒரு மாற்றம்: மெழுகுத் தாள் நெகட்டிவ்களை இரும்பு பீரோவில் அடுக்கியபோது, மழைக்காலத்தில் உறைத்தாள்களில் பூஞ்சை தோன்றியது, இப்போது அமிலமற்ற உறைகளில், சிலிக்கா ஜெல் இட்ட மூடிய பெட்டியில் வைத்து, ஐப்பசி முதல் மார்கழி வரை மாதம் ஒருமுறை எடுத்துப் பார்க்கிறார்கள்.

குடும்பத்தாரிடம் பேசுவது எல்லாவற்றுக்கும் முன்னால் போகிறது. கல்லைக் கழுவும் நாள், பூசை நாள், யார் கழுவுவார், எந்த வரியை வெளியே காட்டக்கூடாது என்ற நான்கையும் முதல் சந்திப்பிலேயே கேட்டெழுத, பதிவேட்டில் தனிப் பக்கம் ஒதுக்கியிருக்கிறேன்.